நம்ம வாகு

1997இல் சிதம்பரத்துக்கு ஒரு சர்க்கஸ் வந்தது. எனக்கு எட்டு வயது. காட்டுமன்னார்கோயிலிலிருந்து அப்பா என்னை பஸ்ஸில் கூட்டிப்போனார். அவர் தலைமுறைக்கு அது இன்னும் காட்டுமன்னார்குடிதான். கூடாரத்துக்குள் மரத்தூள், சாணம், மண்ணெண்ணெய் எல்லாம் கலந்த ஒரு வாடை. கடைசியில் கம்பிவலையைக் கட்டிவிட்டு நான்கு புலிகளை விட்டார்கள். ஒன்று முக்காலியில் ஏறி உட்கார்ந்து கொட்டாவி விட்டது. நான் அப்பாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்பா சத்தமாகவே சொன்னார்:

"என்னாடா இது, புலின்னு சொல்றான். கன்னுக்குட்டி கணக்கா இருக்கு. நம்ம ஊரு புலி இத மாதிரி ரெண்டு மடங்கு."

நம்ம ஊரில் ஏது புலி? அதைக் கேட்கிற அறிவு எனக்கு வர இன்னும் ஐந்தாறு வருடம் ஆனது. அப்போது அப்பா அசராமல் பதில் சொன்னார்: "புலி இல்லாமலா ஊருக்கெல்லாம் பேரு வெச்சான்?"

அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. எங்கள் மாவட்டத்தில் எங்கே திரும்பினாலும் புலியூர்தான். சிதம்பரத்துக்குப் பழைய பெயர் பெரும்பற்றப்புலியூர். கடலூரில் திருப்பாதிரிப்புலியூர். விருத்தாசலம் பக்கம் ராஜேந்திரப்பட்டினம் என்கிற எருக்கத்தம்புலியூர். எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஓமாம்புலியூர். இத்தனைக்கும் காரணமாகச் சொல்லப்படுவது காட்டுப்புலி அல்ல, புலிக்கால் முனிவர். வண்டு தொடும் முன்பு பூப்பறிக்க வேண்டும், விடியாத இருட்டில் மரம் ஏற வேண்டும் என்பதற்காகப் புலியின் கால்களை வரமாகக் கேட்டு வாங்கியவர். தாண்டிப் போனால் கங்கைகொண்ட சோழபுரம். புலியைக் கொடியில் வைத்திருந்தவர்களின் தலைநகரம். வீராணம் ஏரியே அந்தச் சோழர்கள் வெட்டியதுதான். ஆக எங்கள் ஊர்ப் புலி கல்லிலும் கதையிலும் வளர்ந்தது. அதற்கு அளவே கிடையாது. முக்காலியில் உட்கார்ந்திருந்த அந்த நிஜப்புலி பாவம், அதோடு எப்படிப் போட்டி போடும்?

அடுத்த வருடம், 1998இல், புலி சிங்கங்களை வித்தை காட்டப் பழக்கக்கூடாது என்று மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. 2001இல் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்புறம் எங்கள் பக்கம் வந்த சர்க்கஸ்களில் நாய்களும் கிளிகளும்தான். ஆனால் "புலி எவ்ளோ பெரிசு" என்கிற வழக்கு எங்கள் வீட்டில் முடியவே இல்லை. நான் இன்ஜினியரிங் முடித்து, சென்னையில் சாப்ட்வேர் வேலைக்குச் சேர்ந்து, ராத்திரி தூக்கம் வராத நேரங்களில் புலிகளின் எடையைப் பற்றிப் படிக்க ஆரம்பித்ததற்கும் அதுதான் காரணம். அப்பாவை ஒருமுறையாவது தரவு காட்டி மடக்கிவிட வேண்டும்.

*

முதலில் தெரிந்துகொண்டது, புலியை அளப்பதே ஒரு வம்பு என்பது. வெள்ளைக்காரர்களும் மகாராஜாக்களும் வேட்டையாடிய காலத்தில் இரண்டு முறைகள் இருந்தன. செத்த புலியை நீட்டிக் கிடத்தி, மூக்கு நுனியில் ஒரு முளை, வால் நுனியில் ஒரு முளை அடித்து, நடுவில் நேராக அளப்பது ஒன்று. நாடாவை உடம்பின் மேலேயே வைத்து, தலை, முதுகு, இடுப்பு என்று மேடு பள்ளத்தோடு அளப்பது இன்னொன்று. இரண்டாவது முறையில் அதே புலி சில அங்குலம் நீண்டுவிடும். ஜிம் கார்பெட் 1930இல் சுட்ட 'பவல்கரின் பிரம்மச்சாரி' பத்தடி ஏழங்குலம். அது வளைவோடு அளந்த கணக்கு. வைஸ்ராய் வேட்டைக்கு வந்தால் அடிக்குப் பதினோரு அங்குலம் உள்ள தனி நாடா ஒன்றை எடுத்துவருவார்கள் என்று அந்தக் காலத்திலேயே ஒரு கேலிக்கதை உண்டு.

எடையிலும் இதே கதைதான். 1967இல் உத்தரப்பிரதேசத்தில் ஒரு அமெரிக்கர் சுட்ட புலி 388.7 கிலோ. இன்றும் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அது முந்தைய இரவு ஒரு எருமையை அடித்துத் தின்றிருந்தது. புலி ஒரே ராத்திரியில் முப்பது கிலோவுக்கு மேல்கூடத் தின்னும். அந்த எண்ணில் புலி எவ்வளவு, எருமை எவ்வளவு?

இதை அப்பாவிடம் போனில் சொன்னபோது ரொம்பச் சந்தோஷப்பட்டார். நெல் வியாபாரிகளோடு ஆயுசு முழுக்கப் போராடியவர். "தராசப் பாக்கக்கூடாதுடா, தராசு புடிக்கிறவன் கையப் பாக்கணும்" என்றார்.

மயக்க மருந்து கொடுத்து, ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டுகிற ஆய்வுகள் 1970களில் நேபாளத்தின் சித்வனில் தொடங்கிய பிறகுதான் உயிருள்ள காட்டுப்புலிகளின் நம்பகமான எடை கிடைக்க ஆரம்பித்தது. அதில்தான் பெரிய ஆச்சரியங்கள். சைபீரியப் புலிதான் உலகிலேயே பெரிது என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். 1847இல் கார்ல் பெர்க்மான் என்ற ஜெர்மானியர் ஒரு விதி சொன்னார். குளிர்ப் பிரதேசத்து விலங்குகள் வெப்பப் பிரதேசத்து உறவினர்களைவிடப் பெரிதாக இருக்கும். உடம்பு பெருக்கப் பெருக்க, எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு குறையும். சூடு சீக்கிரம் போகாது. பெரிய அண்டாவில் வெந்நீர் சொம்பில் இருப்பதைவிட நேரம் ஆறாமல் இருக்கிற மாதிரி. கச்சிதமான விதி.

ஆனால் ரஷ்யாவின் தூரக்கிழக்கில் உண்மையாக எடை போட்டபோது, காட்டில் வாழும் ஆண் புலிகளின் சராசரி 180 கிலோவுக்குக் கொஞ்சம் கீழேதான் வந்தது. கர்நாடகத்தின் நாகரஹொளேயிலும் சித்வனிலும் ஆண் புலிகள் 200 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டுகின்றன. பனியில் இருப்பதைவிட நம்ம வெயிலில் இருப்பது பெரிது. காரணம் சோறு. நாகரஹொளேயில் காட்டெருது, கடமான், புள்ளிமான் என்று காடே சமையலறை. அங்கே ஒரு பெண் புலிக்குச் சுமார் இருபது சதுர கிலோமீட்டர் போதும். ரஷ்யாவில் ஒரு பெண் புலிக்கு 400 சதுர கிலோமீட்டர் தேவைப்படுகிறது. அவ்வளவு தூரம் நடந்து, அவ்வளவு குறைவாகக் கிடைத்தால் உடம்பு எங்கிருந்து ஏறும்? பள்ளிப் புத்தகத்துச் சைபீரியப் புலியின் பெருமையில் ஒரு பங்கு பழைய வேட்டைக் கதைகளுடையது, இன்னொரு பங்கு விலங்கியல் பூங்காக்களில் வளர்ந்தவற்றுடையது.

தென் அமெரிக்க ஜாகுவாரும் அதே பாடம்தான் சொல்கிறது. பிரேசிலின் பந்தனால் சதுப்புநிலத்தில் ஆண் ஜாகுவார் சுமார் நூறு கிலோ. மத்திய அமெரிக்காவின் பெலிஸ் காட்டில் அதில் ஏறக்குறையப் பாதி. இங்கே முதலை, கேப்பிபாரா, மாடு. அங்கே ஆர்மடில்லோ. இலங்கைச் சிறுத்தை இன்னொரு மாதிரி. அங்கே நம் ஆட்கள் அதைத்தான் புலி என்கிறார்கள். பெரிய புலி அந்தத் தீவில் இல்லை, சிங்கமும் இல்லை. போட்டிக்கு ஆளில்லாத யாலாவிலும் வில்பத்துவிலும் சிறுத்தை தானே ராஜா. பதிவான பெரிய ஆண்கள் 77 கிலோ வரை போயிருக்கின்றன. மேலே புலி இல்லாததால்தான் இந்த வளர்த்தி என்று ஒரு விளக்கம் உண்டு. அரேபியப் பாலைவனத்துச் சிறுத்தையோ முப்பது கிலோவைச் சுற்றித்தான்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் பிடித்து இழுத்தது சுந்தரவனப் புலி. 2010இல் வெளியான ஒரு ஆய்வில் வங்கதேசப் பக்கத்துச் சுந்தரவனத்தில் எடை போட்ட மூன்று பெண் புலிகளின் சராசரி 76.7 கிலோ. சித்வனில் பெண் புலிகள் 140 கிலோவை ஒட்டி இருக்கும். அதே வங்கப் புலி, பாதி எடை. மூன்றே புலிகள்தான், சிறிய கணக்கு. ஆனால் கிடைத்த மண்டையோடுகளும் மற்ற இந்தியப் புலிகளுடையதைவிடச் சிறியவையாக இருந்தன. அலையாத்திச் சேறு, உப்புத் தண்ணீர், புள்ளிமானும் காட்டுப்பன்றியும் தவிரப் பெரிதாக இரை கிடையாது. சின்ன இரைக்குச் சின்ன உடம்பு போதும். பெரிய உடம்பை வைத்துக்கொண்டு அந்தச் சேற்றில் பிழைக்க முடியாது.

இதைப் படித்த அன்று அப்பாவுக்குப் போன் போட்டேன். "உங்கள மாதிரியே ஒரு புலி இருக்குப்பா. சுந்தரவனத்துல. சின்ன ஒடம்பு, ஆனா கெட்டி."

"நம்ம வாகு அது" என்றார் அப்பா. சிரித்தோம். அன்றிலிருந்து என் போனில் அவர் பெயரே 'சுந்தரவனம்' என்றுதான் இருந்தது.

*

அப்பா ஐந்தடி ஆறு அங்குலம். 2019இல் நான் கட்டாயப்படுத்தி எடுத்த முழு உடல் பரிசோதனையில் 58 கிலோ. எங்கள் தாத்தாவும் அப்படித்தான், பெரியப்பாவும் அப்படித்தான். வெயிலில் காய்ந்த, நரம்பு தெரிகிற, மூட்டை தூக்கினால் அசராத உடம்பு. "எங்க வம்சமே இப்படித்தான்" என்பது வீட்டில் ஒரு பெருமை. நான் மட்டும்தான் விதிவிலக்கு. சென்னைக்கு வந்து பன்னிரண்டு வருடத்தில் 94 கிலோ.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2004இலிருந்து வீராணம் தண்ணீர் குழாய் வழியாக இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து சென்னைக்கு வருகிறது. அப்பாவின் வயலுக்குப் பாயும் அதே தண்ணீரைத்தான் நான் என் அடுக்குமாடிக் குடியிருப்பில் குடிக்கிறேன். அதே ரத்தம், அதே தண்ணீர். இடையில் 36 கிலோ.

கூண்டில் வளரும் விலங்குகளைப் பற்றி நான் தேடிப் படித்தது இதனால்தான். அதில் ஒரு பழைய ஆய்வை மறக்கவே முடியவில்லை. 1909 வாக்கில் கிழக்கு ஆப்பிரிக்காவில் பிடித்த சிங்கக்குட்டிகள் சிலவற்றை வாஷிங்டன் விலங்கியல் பூங்காவுக்கு அனுப்பினார்கள். அவை அங்கேயே வளர்ந்து அங்கேயே செத்தன. நெட் ஹாலிஸ்டர் என்பவர் அவற்றின் மண்டையோடுகளை, அதே பிரதேசத்தில் காட்டிலேயே வளர்ந்த சிங்கங்களுடையதோடு வைத்து அளந்து 1917இல் எழுதினார். கூண்டுச் சிங்கத்தின் மண்டை குட்டையாக, அகலமாக இருந்தது. மூளைக்கான இடமும் குறைவு. எங்கே பிறந்தது என்று தெரியாத ஒரு ஆள் இரண்டையும் பார்த்தால் வேறு வேறு இனம் என்று பெயர் வைத்துவிடுவார். நடந்தது இவ்வளவுதான்: கூண்டுச் சிங்கம் எதையும் துரத்தவில்லை, எதன் கழுத்தையும் பிடித்து இழுக்கவில்லை, தோலைக் கிழித்துத் தின்னவில்லை. வேலையில்லாத தசை எலும்பை வேறு மாதிரி வளைத்துவிட்டது. பரம்பரை மாறவே இல்லை, வாழ்க்கை மாறியது.

அந்தக் காலத்தில் அளவையும் நிறத்தையும் பார்த்துத்தான் இனங்களைப் பிரித்தார்கள். புலியில் எட்டு துணையினங்கள், ஒன்பது என்றெல்லாம் பட்டியல் போட்டார்கள். 2017இல் ஒரு நிபுணர் குழு ஆசியப் பெருநிலத்துப் புலிகள் ஒன்று, சுந்தா தீவுப் புலிகள் ஒன்று, இரண்டே இரண்டுதான் என்று சுருக்கியது. சைபீரியப் புலியும் முதுமலைப் புலியும் அந்தக் கணக்கில் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

இதையெல்லாம் ரசித்துப் படித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் அப்பா இளைத்துக்கொண்டிருந்தார்.

*

2021 தீபாவளிக்குப் போனபோது சட்டை தோளில் தொங்கியது. "என்னப்பா இவ்ளோ எளச்சிட்டீங்க?" என்றேன். "நடவுல அலைச்சல்" என்றார். அம்மா, "சரியா சாப்புடுறதில்ல, எதச் செஞ்சாலும் வாணாங்கறாரு" என்றாள். ஊரில் அவர் வழக்கமாகப் போகும் ஒரு கிளினிக்கில், வயசானால் இப்படித்தான், உங்கள் உடம்பு வாகே அதுதானே என்று சத்து டானிக் எழுதிக் கொடுத்திருந்தார்கள். எனக்கு அது நியாயமாகப் பட்டது. உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், எனக்கு அது என் சொந்தக் கருத்து மாதிரியே இருந்தது. சின்ன இரை, சின்ன உடம்பு. நான்தானே சொன்னேன்.

2022 ஆடி மாதம் அம்மா ராத்திரி பத்து மணிக்குப் போன் பண்ணினாள். "ஒங்கப்பா மம்புட்டியத் தூக்கி வரப்புல வெச்சிட்டு அப்படியே குந்திட்டாருடா. ராவெல்லாம் வேர்த்து ஊத்துது. இருமல் ரெண்டு மாசமா இருக்கு, ஒங்கிட்ட சொல்ல வாணாம்னாரு."

மறுநாள் காலையில் ஊரில் இருந்தேன். அரசு மருத்துவமனையில் எடை எந்திரத்தில் ஏறச் சொன்னார்கள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, பழக்க தோஷத்தில் எந்திரம் சமதளத்தில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு ஏறினார். 41 கிலோ.

மூன்று வருடத்தில் பதினேழு கிலோ. முளை அடித்து அளந்தாலும் வளைவோடு அளந்தாலும் பதினேழு கிலோ.

சளிப் பரிசோதனையில் காசநோய் என்று வந்தது. ரத்தத்தில் சர்க்கரையும் இருந்தது, எவ்வளவு நாளாக என்று யாருக்கும் தெரியாது. அந்தச் செவிலியர் அக்கா உயரத்தை அளந்து, கணக்குப் போட்டு, ஒரு படிவத்தில் 14.7 என்று எழுதினார். உடல் நிறை குறியீட்டெண். அந்த வருடம் ஏப்ரலில்தான் தமிழ்நாட்டில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் தொடங்கியிருந்தது. காசநோய் என்று தெரிந்த உடனேயே ஒவ்வொருவரின் எடையையும் உயரத்தையும் மூச்சையும் பார்ப்பார்கள், நிற்க முடிகிறதா என்று பார்ப்பார்கள். மோசமாக இருப்பவர்களை உடனே சேர்த்துக்கொள்வார்கள். 14க்குக் கீழே போனால் அபாயம். அப்பா கோட்டுக்குக் கொஞ்சம் மேலே இருந்தார். அந்தத் திட்டத்தின் மையமே ஒரு எடை எந்திரம்தான். நிறையப் பேர் காசநோய் மருந்து இல்லாமல் சாகவில்லை, மருந்தைத் தாங்கும் உடம்பு இல்லாமல் சாகிறார்கள் என்று அங்கிருந்த இளம் டாக்டர் சொன்னார். எத்தனை மாத்திரை என்பதையே எடையைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

"எங்க வம்சமே ஒல்லிதான் டாக்டர்" என்றார் அப்பா.

டாக்டர் சிரிக்கவில்லை. "ஒங்க வம்சத்த விடுங்கய்யா. மூணு வருஷம் முன்னாடி நீங்க எவ்ளோ இருந்தீங்க?"

அந்த ஒரு கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும். என்னிடம் 58 என்கிற எண் இருந்தது. பி.டி.எஃப்பாக மெயிலில் கிடந்தது. சித்வன் பெண் புலியின் எடை எனக்கு மனப்பாடம். அப்பாவின் எடையைத் தேடி எடுக்க அன்று கால்மணி நேரம் ஆனது.

சுந்தரவனப் புலி சிறியது என்று சொன்ன ஆய்வாளர்கள் மண்டையோட்டையும் அளந்தது ஏன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எடை மட்டும் குறைந்தால் அது பசியாக இருக்கலாம், நோயாக இருக்கலாம், கிழமாக இருக்கலாம். எலும்பும் சிறிதாக இருந்தால்தான் அந்த உடம்பு அப்படி வளர்ந்திருக்கிறது என்று பேசவே முடியும். ஹாலிஸ்டரின் சிங்கங்களைப் பார்த்தால், எலும்பும்கூடப் பரம்பரையா வளர்ப்பா என்பது இன்னொரு கேள்வி. ஆனால் வளர்ந்து முடிந்த ஆளுக்கு எலும்பு மாறாது. அப்பாவின் எலும்பு அதே எலும்பு. போனது சதை. சதை போவதற்கு வாகு என்று பெயர் கிடையாது.

அப்புறம் தாத்தாவையும் நினைத்தேன். அவரும் கடைசி இரண்டு வருடம் இருமிக்கொண்டேதான் இருந்தார். அவரையும் வாகு என்றுதான் சொன்னோம். எங்கள் வம்சத்துக்கு உண்மையிலேயே சின்ன உடம்பா, அல்லது எங்கள் வம்சத்தில் யாருக்கும் வயிறு நிறையக் கிடைத்ததே இல்லையா? உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட குழந்தை வளர்ச்சி அட்டவணைக்காக இந்தியா, நார்வே, கானா, ஓமன், பிரேசில், அமெரிக்கா என்று ஆறு நாடுகளில் நல்ல சூழலில் வளர்ந்த குழந்தைகளை அளந்தார்கள். ஐந்து வயது வரை எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் உயர்ந்தார்கள். தெற்கு தில்லிக் குழந்தைக்கும் ஆஸ்லோ குழந்தைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நாம் வாகு என்று சொல்கிறவற்றில் எவ்வளவு பட்டினி ஒளிந்திருக்கிறதோ.

*

ஆறு மாத மருந்து. முதல் பதினைந்து நாள் வாந்தி. அப்புறம் பசி வந்தது. அரசு மாதம் 500 ரூபாய் ஊட்டச்சத்துக்காகக் கணக்கில் போட்டது. அப்பா அதை அப்படியே முட்டைக்கு ஒதுக்கினார், ஒரு காசு வேறெதற்கும் எடுக்கவிடவில்லை. முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறுவதுதான் நல்ல சகுனம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஜார்க்கண்டில் அந்தச் சமயத்தில் நடந்து, 2023இல் வெளியான ஒரு பெரிய ஆய்வும் அதையே சொன்னது. ஆரம்பத்தில் எடை ஏறியவர்களிடையே இறப்பு தெளிவாகக் குறைந்திருந்தது. நான் புதன்கிழமைதோறும் போன் பண்ணி எண்ணைக் கேட்பேன். 41.4. 42. 42.9. இரண்டாம் மாத முடிவில் 43.5. அப்பா நெல் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு எழுதி வைத்தார். மருந்து முடிந்தபோது 52.

எங்களுக்கும் பரிசோதனை செய்தார்கள். அம்மாவுக்கும் எனக்கும் ஒன்றுமில்லை. என் படிவத்தில் செவிலியர் அக்கா 32.5 என்று எழுதிவிட்டு என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

2023 கோடையில் அப்பா சென்னைக்கு வந்தார். வண்டலூருக்குக் கூட்டிப்போனேன். 1855இல் பட்டணத்துக்குள் தொடங்கி, 1985இல் வண்டலூர் காட்டுக்கு மாறிய பூங்கா அது. 2021இல் கொரோனா வந்து அங்கே இரண்டு சிங்கங்கள் செத்த செய்தியை அவர் பேப்பரில் படித்திருந்தார். அதைக் கேட்டுக்கொண்டே நடந்தார். புலி அகழிக்கு அந்தப் பக்கம் நிழலில் படுத்திருந்தது. வயிறு தரையில் பரவிக் கிடந்தது. அப்பா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். இந்தத் தடவை சின்னது என்று சொல்ல மாட்டார் என்று நினைத்தேன்.

"பெருசுதான்" என்றார். "ஆனா ஒக்காந்த எடத்துல தின்னு வந்த பெருசு. ஒன்ன மாதிரி."

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது திண்ணையில் புதிதாக ஒரு எடை எந்திரம் இருந்தது. கூடலூருக்கு வேலையாகப் போனபோது, கடலூரைத்தான் அப்பா அப்படிச் சொல்வார், வாங்கி வந்தாராம். நான் பையைக்கூட இறக்கவில்லை. "ஏறு" என்றார். ஏறினேன். இறங்கச் சொல்லி, ஷூவைக் கழற்று, பாக்கெட்டில் இருக்கும் போனை எடு, பர்ஸை எடு என்று மறுபடி ஏறச் சொன்னார். நோட்டை எடுத்தார். கடைசிப் பக்கத்தில் அவர் பெயருக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு பத்தி போட்டிருந்தார்.

அப்பா 56. தம்பி 91.

"அடுத்த மாசம் வரப்போ பாக்கலாம்" என்று நோட்டை மூடினார்.